அடியின் அளவும் அறத்தின் அளவும்

போட்டி என்பது விதியாற் கட்டுண்ட பகைமை எனலாம். விதி இல்லையேல் அது சண்டையாகும். விதி இருந்தும் நடுவுநிலை இல்லையேல் அது ஏமாற்றாகும். மனிதர் தமக்குள் ஆடும் ஆட்டங்களில் இவ்வுண்மையை நாம் எளிதில் உணர்ந்துகொள்கின்றோம். மனிதன் தன் போட்டிக்குள் ஒரு விலங்கையும் இழுத்து வரும்போதோ, நீதி யாருக்கு உரியது என்னும் வினா எழுகின்றது. குதிரைப் பந்தயத்திற் சவுக்கைப் பயன்படுத்துதல் பற்றி உலகின் பல நாடுகளில் நிகழ்ந்துவரும் வாதத்தை இவ்வினாவைக் கொண்டே நோக்க விழைகின்றேன்.

குதிரைப் பந்தயத்துக்கும் மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள செட்டிபாளையத்துக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். இலங்கையிற் குதிரைப் பந்தயம் என்றவுடன் நினைவுக்கு வருவன நுவரெலியாவின் ஏப்ரல் மாதப் பருவகாலமும், 1893 இல் திறக்கப்பட்டு இன்று விளையாட்டுத் திடலாகவும் கடைத்தொகுதியாகவும் மாறிவிட்ட கொழும்புப் பந்தயத் திடலுமே. எங்கள் ஊர்ப்புறத்தில் அத்தகைய திடல் எதுவும் இருந்ததில்லை. எனினும், விலங்கின் முதுகும் மனிதன் கைக்கம்பும் எங்களுக்குப் புதியன அல்ல.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலே குடியிருந்து, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலே வயல் செய்த குடும்பம் எங்களுடையது. நெல்மூடைகள் ஏற்றிய வண்டில் ஒருமுறை வயற்பாதையின் சேற்றிற் புதைந்துவிட்டது. வண்டிலோட்டி வந்த என் சிறிய தந்தையார் கம்பை ஓங்கி இரண்டு மூன்று அடி போட்டார். பின்னால் நடந்து வந்த பாட்டனார் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “எறங்கிச் சில்லத் தள்ளு மனே, மாடு மாட்டன் எண்டு நிக்கல்ல, ஏலாம நிக்குது” என்றார். எல்லோரும் இறங்கினோம், இரண்டு மூடைகளையும் இறக்கினோம், வண்டில் அசைந்தது. பாட்டனார் கம்பே எடாத முனிவர் அல்லர். தேவை நேர்ந்தபோது அவரும் அடித்தவரே. ஆயினும் ‘மாட்டேன்’ என நிற்கும் விலங்கையும் ‘இயலாது’ என நிற்கும் விலங்கையும் அவர் வேறுபடுத்தி அறிந்திருந்தார்.

அவர் சுட்டிய வேறுபாட்டைப் பந்தயத் திடலில் அளந்து பார்த்த ஆய்வொன்று உண்டு. சிட்னிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் 48 பந்தயக் குதிரைகளின் ஓட்டத்தை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட முடிவின்படி, அக்குதிரைகள் சராசரியாகத் தம் உச்ச வேகத்தை எய்தியது, முடிவுக்கோட்டுக்கு 600 மீற்றருக்கும் 400 மீற்றருக்கும் இடைப்பட்ட பகுதியிலாகும். அப்பகுதியில் அவற்றின்மீது சவுக்கு விழவேயில்லை. சவுக்கு மிகுதியாக விழுந்தது இறுதி 400 மீற்றரில். அதாவது, குதிரைகள் களைத்து வேகம் தளர்ந்துகொண்டிருந்த வேளையில். ஏலாத விலங்குக்கே அடி விழுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி விதிகளை நோக்குவோம். பிரித்தானியாவில் 2011 இற் கொணரப்பட்ட விதி, சமதரைப் பந்தயத்தில் ஏழு அடிகளும் தடைதாண்டும் பந்தயத்தில் எட்டு அடிகளுமே இடலாம் என வரையறுத்தது. 2023 இல் அவ்வெண்ணிக்கை முறையே ஆறாகவும் ஏழாகவும் குறைக்கப்பட்டது. வரம்புக்கு மேல் நான்கு அடியோ அதற்கு மேலோ இட்டால், வென்ற குதிரையும் தகுதி இழக்கும் என்பது அப்போது சேர்க்கப்பட்ட புதுமை. இதற்கு முன் நிகழ்ந்தது யாது? 2011 ஏப்ரலில், நான்கு மைலுக்கும் மேற்பட்ட தூரத்தையுடைய கிராண்ட் நஷனல் பந்தயத்தில் பலாபிறிக்ஸ் என்னும் குதிரை வென்றது. அதனை ஓட்டியவருக்குச் சவுக்கை மிகையாகப் பயன்படுத்தியமைக்காக ஐந்து நாட் தடை விதிக்கப்பட்டது, வெற்றியோ நிலைத்தது. விதியை மீறியவனின் வெற்றி நிலைக்குமாயின், விதியைக் காத்து இரண்டாவதாக வந்தவனுக்கு இழைக்கப்பட்டது அநீதியன்றோ? 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் ஓட்டிகளுக்கிடையிலான இந்நீதியை ஓரளவு செம்மை செய்தது என ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால், ஓட்டிக்கும் ஓட்டிக்கும் இடையிலான நீதியும், பணம் கட்டியவனுக்கும் திடல் நடத்துபவனுக்கும் இடையிலான நீதியும் சேர்ந்து முழு நீதி ஆகிவிடுமா? ஆறு அடி முறை, ஏழாவது அடி முறையன்று எனக் கணக்கிடும் விதி, அடிப்பவர் அனைவரையும் சமமாக நடத்துகின்றது. அடிபடுவதைப் பற்றி அது பேசுவது அடியின் தொகை எவ்வளவு என்பதை மட்டுமே. ஆறாவது அடியைத் தாங்கும் தோலும் ஏழாவது அடியைத் தாங்கும் தோலும் ஒன்றே. குதிரையின் தோல் தடித்தது, அதற்கு நோவு குறைவு என்னும் வாதமும் நிலைக்கவில்லை. 2020 இல் வெளியான ஆய்வொன்று, குதிரையின் மேற்றோலின் தடிப்பிலும் அதிலுள்ள நரம்பு முனைகளின் செறிவிலும் மனிதத் தோலினின்று குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை.

சவுக்கை ஆதரிப்போர் கூறும் நியாயங்களையும் புறக்கணித்தல் தகாது. சவுக்கு இல்லையேல் குதிரை நேர்வழி செல்லாது, அருகில் வருவோருடன் மோதும், ஓட்டிகளின் உயிருக்கு ஆபத்து நேரும் என்பது ஒன்று. ஓட்டி முழு முயற்சி செய்தானா என்பதைப் பணம் கட்டியவர் கண்ணாற் காண்பதற்குச் சவுக்கே சான்று என்பது மற்றொன்று. முதலாவதைச் சோதித்தற்கு ஒரு வாய்ப்பு உண்டு. பயிலும் நிலையிலுள்ள ஓட்டிகளுக்காகப் பிரித்தானியாவில் நடைபெறும் சில பந்தயங்களில், கையாலும் குதிகாலாலும் மட்டுமே குதிரையை ஊக்கலாம். சவுக்கைக் கையில் வைத்திருக்கலாம், விரைவுக்காக அடிக்கலாகாது. இவற்றையும் சவுக்கு அனுமதிக்கப்பட்ட பந்தயங்களையும் சேர்த்து 126 பந்தயங்களின் நடுவர் அறிக்கைகளை ஒப்பிட்ட 2020 ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு, வழிவிலகுதலிலோ, இடையூறுகளிலோ, ஓட்ட நேரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. நோர்வே 1982 இலேயே விரைவுக்காகச் சவுக்கடித்தலைத் தடைசெய்தது. சுவீடன் 2022 இல் அவ்வழி சென்றது. அங்கெல்லாம் பந்தயம் அழிந்துபோகவில்லை. இரண்டாவது நியாயத்துக்கு விடை எளிது: மனிதனின் நேர்மைக்குச் சான்று தேடுவதற்கு விலங்கின் முதுகு ஏடாகாது.

எல்லோரும் அடிக்கும்போது நிலவும் சமநிலை, எல்லோரும் கம்பைக் கீழே வைக்கும்போதும் நிலவும். எனவே போட்டியின் நீதிக்காகச் சவுக்கு வேண்டும் என்னும் கூற்று அடிப்படையற்றது. எஞ்சுவது வழக்கம் ஒன்றே.

வழக்கத்தையும் செல்வத்தையும் பொறுத்துச் சட்டத்தின் பார்வையும் மாறுபடுவதைத் தமிழர் வரலாற்றிலேயே காணலாம். தமிழ்நாட்டரசு 1974 இற் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 இல், குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது, சூதன்று எனத் தீர்ப்பாயிற்று. அதே நீதிமன்றம் 2014 இற் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் விலங்கு வதை எனத் தடுத்தது. பின்னர் இயற்றப்பட்ட திருத்தச் சட்டங்களை 2023 இல் ஏற்றது. உழவனின் காளை பற்றிய வழக்கில் விலங்கின் நோவு நெடிது ஆராயப்பட்டது. செல்வரின் குதிரை பற்றிய வழக்கில் வினா பணத்தையும் திறமையையும் பற்றியதாகவே இருந்தது. இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் வேண்டும். எங்கள் நாட்டின் 1907 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், விலங்கைக் கொடூரமாக அடிப்பதைக் குற்றம் என்கின்றது. நுவரெலியாவிற் குதிரைக்காயினும் யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிற் சவாரியிற் காளைக்காயினும் அச்சொல் ஒரே பொருள் தருதல் முறை.

எங்கள் பகுதியிற் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டு உண்டு. வடசேரியார், தென்சேரியார் என இரு கட்சியினர் கொம்புகளைக் கொளுவி இழுப்பர், ஒன்று முறியும். வெறியும் வசையும் அதிலும் உண்டு. எனினும் முறிவது மரக்கொம்பு, இழுப்போர் தாமே விரும்பி வந்தோர். பந்தயக் குதிரையோ விரும்பி வந்ததன்று. வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் அது அறியாது. உடன்பாடு அளிக்க இயலாத ஒன்றைப் போட்டியிற் சேர்ப்பவருக்குப் பொறுப்பு இரட்டிப்பாகின்றது.

குதிரை வாங்கக் கொடுத்த பொன்னில் தொடங்கும் வாதவூரர் கதை, பாண்டியன் கைப்பிரம்பில் முடிகின்றது. பிட்டுக்கு மண் சுமந்த கூலியாள்மீது விழுந்த அடி எல்லா உயிர் மேலும் பட்டது என்பர். அதனைப் புராணம் என ஒதுக்குவோரும், நோவு எவ்வுடலிலும் நோவே என்னும் அதன் கருத்தை ஒதுக்குதல் இயலாது. சோழன் வாயிலிற் கன்றை இழந்த பசுவுக்கு இழுத்தடிக்க ஒரு மணி இருந்தது. பந்தயத் திடலில் அத்தகைய மணி இல்லை. ஆகையால் அதன் பொருட்டுப் பேசவேண்டியது விதி செய்வோரின் கடன். விதியைக் கற்போராகிய நமது கடனுமாகும்.