உதைத்தும் உயிர்க்காத வண்டி

முதல் நாள் மாலைவரை ஓடிய மோட்டார் சைக்கிள் மறுநாள் காலையில் கிளம்ப மறுத்தால், மாந்தர் முதலில் செய்வது உதைப்பது. அடுத்துச் செய்வது ஏசுவது. இரண்டினாலும் வண்டியின் பழுது நீங்குவதில்லை. காரணத்தைத் தேடுவதே வழி. அத்தேடலுக்கு ஓர் ஒழுங்கு உண்டென்பதையும், அதனை நன்கறிந்தோர் அருகி வருகின்றனர் என்பதையும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

எம் அத்தா விட்டுச்சென்றவற்றுள் ஒன்று பழைய புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக்கு உரியதாயிருந்த அவ்வண்டி, 1955இல் மதராஸ் மோட்டார்ஸின் கூட்டால் என்ஃபீல்டு இந்தியா தோன்றிய பின், திருவொற்றியூரில் உருப்பெறலாயிற்று. கடையடைத்து அத்தா திரும்பும் ஓசையைத் தெருமுனையில் கேட்டே அம்மா சோறு பரிமாறத் தொடங்குவார். சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை அவ்வோசை எழவில்லை. "இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் அண்ணே" என்றார் தம்பி. விலை பேச ஆளும் வந்துவிட்டார். அவரைச் சற்றே இருக்கச் சொல்லி, எழுபதைக் கடந்த மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம்.

அப்பெரியவர் ஸ்பானரைத் தொடவில்லை, கேள்விகளையே தொடுத்தார். "தானாக நின்றதா, நீங்கள் நிறுத்தியதா? நின்ற பிறகு யார் கை வைத்தார்கள்?" நாம் விடை கூறியபின் தேடல் தொடங்கியது.

இன்ஜினுக்கு வேண்டுவன மூன்று: பெட்ரோலும் காற்றும் அளவாய்க் கலந்த கலவை, அதனை நெருக்கும் அமுக்கம், உரிய கணத்தில் தீப்பொறி. பெரியவர் பெட்ரோல் டேப்பின் குழாயைக் கழற்றினார்; பெட்ரோல் தடையின்றி வந்தது. பிளக்கைக் கழற்றினார்; நனைந்திருந்தது. பலமுறை உதைத்த பின்னும் அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்பது பொருள். நனைந்திருந்தால் வந்த பெட்ரோல் எரியவில்லை என்பது பொருள். முன்னரே கிக்கரை அழுத்தியபோது கால் எதிர்ப்பை உணர்ந்ததால் அமுக்கமும் குறைவில்லை. எஞ்சியது தீப்பொறி. பிளக்கைத் துடைத்து, அதன் துளையினின்று தள்ளி இரும்பில் படவைத்து உதைத்தார், பொறி எழவில்லை.

அடுத்து விளக்கைப் போட்டார், பிரகாசமாய் எரிந்தது. பேட்டரி நலமே. விளக்கை அணைத்து, சாவியைத் திறந்தபடி கிக்கரை மெல்ல நகர்த்தினார். பாயிண்ட் மூடும்போது அம்மீட்டரின் முள் சாய வேண்டும். திறக்கும்போது நடுவுக்கு மீள வேண்டும். முள் அசையவே இல்லை. மூடியைத் திறந்தால், பாயிண்ட்டின் முகத்தில் ஈரத்தால் படிந்த மெல்லிய கறை! மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜ் கொண்டு நிறுத்தினார். முள் ஆடியது; நீலப்பொறி தெறித்தது. பிளக்கை மாட்டி, டிகம்ப்ரஷரை இழுத்துப் பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொணர்ந்து, ஒரே உதை. தெரு முழுதும் அத்தாவின் ஓசை! விலை பேச வந்தவர் தேநீர் அருந்தி விடைபெற்றார்.

"ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், வாத்தியாரே. இரண்டை மாற்றி வண்டி கிளம்பினால் எது நோயென்று தெரியாது, நாளை நின்றால் மீண்டும் முதலிலிருந்துதான்" என்றார் பெரியவர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிவார்க்கும் இப்பொறுமையே வேண்டுமன்றோ?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. இன்றைய புது வண்டிகளில் பாயிண்ட் இல்லை. மின்னணுக் கருவியே தீப்பொறியை ஆள்கிறது. கோளாற்றைக் கருவியே படித்துச் சொல்கிறது. அது வளர்ச்சியே; வரவேற்போம். ஆயின் காதாலும் விரலாலும் கற்ற மிஸ்திரிகளின் அறிவு, அவர்தம் பேச்சிலன்றி வேறெங்கும் பதியாமல் போகலாகாது.

தமிழ் பயிலும் மாணவர்களே! உங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஒரு குறிப்பேட்டோடு செல்லுங்கள். கருவிகளின் பெயர்களையும், பழுதுகளுக்கு அவர்கள் வழங்கும் சொற்களையும், காரணம் தேடும் முறையையும் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அச்சொற்கள் ஒரு பக்கமேனும் இடம்பெறுமாயின் நாம் பெரிதும் மகிழ்வோம்.