காலில் ஒட்டிய மணல்

நாகூர் சில்லடி கடற்கரையில் ஆடிவிட்டு வரும் பிள்ளைகளிடம், "மணல உதறிட்டு உள்ள வா" என்று வாசலிலேயே உம்மாவின் அதட்டல் கேட்கும். இப்படி நாம் உதறிவிடுகிற கடல்மணலை அள்ளுவதற்கென்றே ஓர் ஓவியர் பாரிஸிலிருந்து வந்தார்.

வேலு விஸ்வநாதன். 1940ல் கொல்லம் பக்கம் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர், 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1968ல் பாரிஸ் போனார், அங்கேயே தங்கிவிட்டார்.

ஊரை விட்டுப் போகிறவர்கள் ஊரை எதில் வைத்துக்கொள்வார்கள்? அந்தக் காலத்தில் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள், சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் இன்னொரு நாகூர் தர்காவையே கட்டிவிட்டார்கள். ஆண்டவர் அடங்கியிருப்பது இங்கே. அங்கே இருப்பது நினைவு மட்டும்.

விஸ்வநாதனின் ஓவியங்களில் கொல்லத்துத் தென்னையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். முக்கோணம், சதுரம், கோடு, இவைதான். பார்த்தவுடன் 'இதில் ஊர் எங்கே?' என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் அவர்தான் 1970களில் இந்தியக் கடலோரம் நெடுகப் பயணம் செய்து, இடம் இடமாக மணல் சேர்த்தார். அது 'மணல்' என்றே ஒரு திரைப்படமும் ஆயிற்று. பிறகு கங்கை, நெருப்பு என்று மற்ற பூதங்களையும் தேடிப் போனார்.

சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டும் பிள்ளைக்கு நாகூர் உம்மாக்கள் இன்றும் தம்ரூட் வைப்பார்கள். மணல் வைப்பதில்லை.