பசியால் பழக்க வேண்டாம்



எங்கள் இல்லத்தில் இரண்டு பட்ஜி குருவிகள் உண்டு. நம் கோவையில் பலர் லவ் பேர்ட்ஸ் என்று அழைப்பது இவற்றைத்தான். பணிநிமித்தம் பெங்களூருக்குச் சென்ற என் மகன் விட்டுச்சென்றவை. பச்சை நிறத்தில் ஆண், நீல நிறத்தில் பெண். தினையைத் தவிர வேறொன்றையும் அவை தொட்டதில்லை. கீரையை வைத்தால் பாம்பைக் கண்டதுபோல் கூண்டின் மறுமூலைக்கு ஒதுங்கிவிடும்.

உலர்ந்த தானியத்தை மட்டுமே உண்ணும் பறவைக்கு வைட்டமின் ஏ போதாது; முளைகட்டிய தானியத்தையும் கீரையையும் பழக்குங்கள் என்றார் கால்நடை மருத்துவர். நான் அவசரப்பட்டேன். பசித்தால் தானாக உண்ணும் என்று எண்ணி, ஒருநாள் காலையில் தினைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு முளைகட்டியதை மட்டும் வைத்தேன். பிற்பகலில் பச்சைக் குருவி இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் ஒடுங்கிக் கிடந்தது. முப்பது, நாற்பது கிராம் எடையே உள்ள உயிர் நெடும்பசியைத் தாங்காது என்பதை நான் நினைக்கவில்லை.

என் மனைவி தினைக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தாள். பின்பு, "தம்பிக்கும் இப்படித்தானுங்க செஞ்சீங்க" என்றாள்.

அவன் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: வசனத்தை ஒப்புவிக்காவிட்டால் இரவு உணவு இல்லை. அவன் அதிகாரம் அதிகாரமாக ஒப்புவித்தான். இன்று அவன் எந்த ஆலயத்திற்கும் செல்வதில்லை. அதற்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. இதற்கும் அதில் பங்கில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து கிடந்த எலியாவை நினைத்துப்பாருங்கள் (1 இராஜாக்கள் 19). தேவன் அவனுக்கு முதலில் அனுப்பியது உணவு. அவன் புசித்தான், உறங்கினான், மறுபடியும் புசித்தான். ஓரேபிலே அவனிடம் கேள்வி கேட்டது அதன் பிறகே. இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்தவன் நான்.

மறுநாள் முதல் முறையை மாற்றினேன். தினையை இரவில் ஊறவைத்து, காலையில் அலசி, பருத்தித் துணியில் கட்டிவைத்தேன். வெண்ணிற முளை எட்டிப்பார்த்ததும் மீண்டும் அலசி, வழக்கமான தினையின்மேல் ஒரு சிட்டிகை தூவினேன். புளித்த வாடை வந்தால் எறிந்துவிட வேண்டும். மீந்ததை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நன்றாகக் கழுவிய கொத்தமல்லித் தழையை ஈரத்தோடு அவை அமரும் குச்சியருகே கட்டினேன். அவை காண நானும் ஒரு தழையைத் தின்றேன். மூன்றாம் வாரத்தில் நீலக் குருவி இலையின் ஓரத்தைக் கடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பச்சை, மறுநாள் தானும் கடித்தது.

அன்றிரவு மகனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். பின்பு, அந்த இரவு உணவுகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "நீலந்தான் மொதல்ல சாப்பிட்டுச்சுங்களாப்பா?" என்றான். ஆலயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு வசனத்தைக் கற்றுக்கொடுங்கள். அதற்காக உணவையோ அன்பையோ நிறுத்திவைக்காதிருங்கள். அவர்கள் காண நீங்கள் முதலில் புசியுங்கள். பொறுமையின் தேவன் நம் ஒவ்வொரு வீட்டையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.