மே/பா 56 ஏ.பி.ஓ.

அப்பாவுக்குக் கடிதம் எழுதும்போது ஊர்ப்பெயர் எழுதக்கூடாது. படை எண், பதவி, பெயர், யூனிட், கடைசியில் மே/பா 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலகம். அவ்வளவுதான். அவர் லடாக்கில் இருந்தாலும் பஞ்சாபில் இருந்தாலும் முகவரி அதேதான். கடிதம் எங்கே போய்ச் சேர்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வட ஆற்காட்டில் எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இந்த முகவரியை எழுதித்தான் கையெழுத்துப் பழகினோம்.

அப்பா 1958-இல், பதினெட்டு வயதில், பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1780-இல் தொடங்கிய படைப்பிரிவு அது. அதன் வீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தோண்டி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. டாங்கிகளுக்கு முன்னால் நடக்க வேண்டியவர்கள். அம்மாவுக்கு இது கல்யாணமாகிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. "மிலிட்டரியில ரோடு போடுற வேலைன்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டாங்க" என்பார்.

1971 டிசம்பர் 3 அன்று பாகிஸ்தானுடன் சண்டை தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி கேட்கப் பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குப் போவோம். பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்கு முன்வரிசையில் இடம் விட்டுவிடுவார்கள். செய்தியில் பாதி டாக்காவைப் பற்றித்தான் வரும். மேற்கு முனை என்று சொல்லும்போது அம்மா என் கையை அழுத்திப் பிடிப்பார். ஷகர்கர் என்ற பெயரையும் அந்தத் திண்ணையில்தான் முதலில் கேட்டேன். அப்பா அங்கேதான் இருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அந்த நாட்களில் எங்கள் தபால்காரர் செய்த ஒரு காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்கு முன்பெல்லாம் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் மணியார்டர் வந்திருக்கிறது என்று ஓடுவோம். சண்டை தொடங்கிய பிறகு மணிச் சத்தம் கேட்டதும் பெண்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். தந்தியாக இருந்துவிட்டால்? இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து மணி அடிப்பதை விட்டுவிட்டு, தெரு முனையில் திரும்பும்போதே, "லெட்டர்தாம்மா, லெட்டர்தான்" என்று கத்திக்கொண்டே வர ஆரம்பித்தார். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. அன்றைக்கு அவர் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

டிசம்பர் 17-ஆம் தேதி மேற்கிலும் சண்டை நின்றது. ஊரே கொண்டாடியது. அப்பாவின் கடிதம் பொங்கல் கழிந்துதான் வந்தது. நலம், நலமறிய ஆவல், பிள்ளைகளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்பு. அதற்குமேல் ஒன்றுமில்லை. அம்மா அதைப் படிக்கச் சொல்லிப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

நடந்தது என்ன என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்பா சொன்னார். அவர் இருந்தது 9-ஆவது பொறியாளர் ரெஜிமென்ட். ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்ட வேண்டும்; அங்கே பாகிஸ்தான் படை நெருக்கமாகக் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தது. இரவில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, குப்புறப் படுத்துக் கூரான கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். "சாய்ச்சுக் குத்தணும். நேரா குத்துனா அதோட தலையில படும்" என்று தரையில் விரலை வைத்துக் காட்டினார். கம்பி முனையில் தட்டுவது கல்லா இரும்பா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அந்தக் குளிரில் விரல் மரத்துப்போகும். அதனால் வாயில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடியும் குத்துவார்களாம். எடுத்துமுடித்த பாதையின் இரண்டு ஓரமும் வெள்ளை நாடா கட்டுவார்கள். பாதை முழுசாக முடியும் முன்பே, பொறுக்க நேரமில்லாமல், பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் அதில் இறங்கிவிட்டன. அடுத்த நாள் அந்த ஆற்றுக்கு அக்கரையில்தான் அந்தப் படைப்பிரிவின் இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்கரம் பெற்றார். அவருடைய பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். அப்பாவின் ரெஜிமென்ட்டில் அந்தச் சண்டையில் இறந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி என் அப்பாவைத் தவிர வேறு யாரும் பேசி எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. டிசம்பர் வந்தால் அப்பா சொல்வார், ஒவ்வோர் ஆண்டும். பாதை போட்டவர்களை நாடு இன்னும் கொஞ்சம் நினைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

1979-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று, கறுப்பு டிரங்குப் பெட்டியோடும் ஹோல்டாலோடும் காட்பாடியில் வந்து இறங்கினார். வயது முப்பத்தொன்பது. பட்டாளத்தில் இருந்தது இருபத்தொரு வருடம். அதற்குப் பின் வாழ்ந்தது நாற்பத்தைந்து வருடம். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த டிசம்பரையே பேசுகிறார்கள். நான் இந்த நாற்பத்தைந்தைப் பேச விரும்புகிறேன்.

ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வந்து போகிற அப்பாவைத்தான் எங்களுக்குத் தெரியும். வந்த புதிதில் ஏதோ கண்டித்தார் என்பதற்காகத் தம்பி முகத்துக்கு நேராகவே கேட்டான்: "உங்க லீவு எப்ப முடியும்?" அப்பா கோபப்படவில்லை. "இனிமே முடியாதுடா" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொருவரையும் ஆரம்பத்திலிருந்து தெரிந்துகொள்ள முயன்றார். யாருக்கு எது பிடிக்கும், யார் எந்தப் பாடத்தில் மோசம், யாருக்கு இருட்டென்றால் பயம் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு வைத்துக்கொள்வார். ஒரு வங்கியில் காவலாளி வேலை கிடைத்தது. விடியற்காலையில் நிலத்துக்குப் போய்விட்டு வந்து, சட்டையை இஸ்திரி போட்டு, எனக்கு ஜடை பின்னிவிட்டு டூட்டிக்குக் கிளம்புவார். சாப்பர் பின்னிய ஜடை சாயந்திரம் வரை அவிழாது.

தங்கையின் தோட்டுத் திருகாணி ஒருநாள் வாசல் மணலில் விழுந்துவிட்டது. அவள் அழுகை நிற்கவில்லை. அப்பா யாரையும் மணலில் கால் வைக்க விடவில்லை. குச்சி நட்டுக் கயிறு கட்டி வாசலைப் பட்டை பட்டையாகப் பிரித்தார். பிறகு குப்புறப் படுத்து, ஒரு பட்டையை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போனார். விரல் நுனியால் மணலைத் தள்ளித் தள்ளி அவர் நகர்ந்ததைத் திண்ணையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பசந்தர் கதையை அவருக்கும் அப்போது சொல்லியிருக்கவில்லை. "எங்க கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டதற்கு, "வேலையில" என்றார். இருட்டுவதற்குள் திருகாணி கிடைத்துவிட்டது.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் 2015-இல் அறிவிக்கப்பட்டபோது, ஒரு நோட்டில் பழைய தொகையையும் புதிய தொகையையும் எழுதி, ஊரிலிருந்த மற்ற ஓய்வூதியர்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நவம்பர் தோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்குப் போவார். விரல்ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காது. பொறுமையாக ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார்.

எண்பது வயதில் அவருக்கு ஒரே கவலை இருந்தது. ராணுவப் பதிவில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தது. எத்தனையோ படைவீரர் மனைவிமார் இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்ததை அவர் பார்த்திருக்கிறார். தடி ஊன்றிக்கொண்டு பிரமாணப் பத்திரம், சேர்ந்து எடுத்த புகைப்படம் எல்லாம் தயார் செய்து, பெங்களூர் ஆவணப் பிரிவுக்கு எழுதி எழுதிப் பெயரைச் சரிசெய்தார். திருத்தம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்.

2024-இல் அப்பா போய்விட்டார். பச்சை நிற ஃபைலில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. முதலில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எந்தச் சான்றிதழில் எத்தனை நகல், எந்தப் படிவத்தில் அம்மா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். அந்த வரிசையிலேயே செய்தோம். குடும்ப ஓய்வூதியம் தடங்கலில்லாமல் வருகிறது. இப்போது நவம்பரில் அம்மா வங்கிக்குப் போகிறார்.