ஓடும் நொடிகளும் ஒரு பத்து மணியும்

2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி 48 நாள்கள், நாற்பதாண்டுக்கு ஒருமுறை நீரினின்று எழும் அத்தி வரதரைக் காண வந்த மக்களால் காஞ்சி நகரம் நிறைந்து வழிந்தது. மறு ஆண்டு மார்ச் 25இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது அதே வீதிகள் வெறிச்சோடின. பெருங்கோயில்களின் கதவுகளோடு நமது சிற்றாலயத்தின் கதவும் அடைபட்டது. பிள்ளையார்பாளையத்தில் நூல் வராமல் பல தறிகள் ஓய்ந்தன. நம் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் நெசவாளரின் தறியும் அவற்றுள் ஒன்று.

பங்குத்தந்தை ஆளில்லா ஆலயத்தில் நிறைவேற்றும் திருப்பலியை யூடியூப் வழியாக இல்லங்களுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னே 05:00 என்று தொடங்கி 00:00 வரை இறங்கும் நேரங்காட்டி ஒன்று திரையில் ஓடவேண்டும் என்றனர். கல்லூரியில் பயிலும் நம் மகன் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் மென்பொருளில் அதனைச் செய்து தர இசைந்தான்.

அந்த எண்கள் கடிகாரம் அல்ல என்பதை நாம் அப்போதுதான் அறிந்தோம். எச்சக்கரமும் அவற்றை உந்துவதில்லை. நொடிக்கு 25 வீதம் ஐந்து நிமிடத்திற்கு 7,500 நிலைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து மறைகின்றன. அத்தனையையும் எவரும் எழுதுவதில்லை. தொடக்கத்தில் 300 என்றும் முடிவில் 0 என்றும் இரு குறிகளை இட்டுவிட்டால் இடைப்பட்டதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். ஒரு சிறு சூத்திரம் அந்த எண்ணை அறுபதால் வகுத்து, ஈவை நிமிடமாகவும் மீதியை நொடியாகவும் எழுதும். பின்னத்தை விடுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் தொடங்கிய கணமே 04:59 ஆகிவிடும். முடிவிலோ 00:00 ஒரு நொடி வீணே நிற்கும். ஆகவே மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். '1' மட்டும் ஒடுங்கியிருந்தால் வரி முழுவதும் நொடிதோறும் துள்ளும். எல்லா எண்களும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைத் தேடுவதில் அவனுக்கு ஓர் இரவு கழிந்தது. (நாம் மின்கட்டணத்தை எண்ணிக்கொண்டு விழித்திருந்தோம்.)

ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு. திருப்பலிக்குமுன் செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி, பின்னர் மறைந்த நம் தந்தையாருக்காக மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்வது நம் அன்னையாரின் நெடுநாள் வழக்கம். ஆலயத்தின் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையே அதனை முடிப்பார். இப்போது திரையின் எண்களே அவருக்கு மணி. பத்து முடிந்து நிமிர்ந்தவர் 00:30 என்றிருக்கக் கண்டு, நேரமில்லை என்று மூன்றையும் விட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தார். திருப்பலியோ தொடங்கவில்லை. அந்த முப்பது நொடி ஒரு நிமிடமாய் நீண்டது. "உங்கப்பாவை விட்டுட்டேனே" என்று அவர் கூறியபோது நமக்கு மறுமொழி வரவில்லை.

வாயிற்படியில் நின்று பார்த்த நெசவாளர், "தம்பி, உன் நொடி ஒரே சீராய் விழவில்லை. புதிதாய்த் தறியில் உட்கார்ந்தவன் ஊடை அடிப்பது போல ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் நெகிழ்ச்சி" என்றார்.

சோதித்ததில் குற்றம் வெளிப்பட்டது. அழகுக்காக நம் மகன் இரு குறிகளுக்கும் 'ஈசி ஈஸ்' என்னும் கட்டளையை இட்டிருந்தான். மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கச் செய்வது அது. பறவைக்கும் பந்துக்கும் பொருந்தும். இங்கோ, ஒரு நிமிடம் கழிந்தபோது அரை நிமிடமே கழிந்ததாய்க் காட்டிற்று. நடுவில் ஒன்றரை மடங்கு விரைந்தது. மெய்யாக ஒரு நிமிடம் மீதியிருக்கையில் முப்பது நொடி என்றது. தொடக்கமும் சரி, முடிவும் சரி. அதனால்தான் நம்மில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

நெசவாளர் அவனைத் தம் தறிக்கு அழைத்துச் சென்றார். மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாய்த் தொங்கின. 1804இல் பிரான்சின் லியோன் நகரில் பட்டு நெசவுக்கென ஜக்கார்டு என்பவர் அமைத்த முறை அது. துளையுள்ள இடத்துப் பாவிழை எழும், இல்லாத இடத்தது படியும். கணிப்பொறிக்கு முன்னோடியான எந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜும் இவ்வட்டைகளையே கைக்கொள்ள எண்ணினார். "ஊடைக்கு ஓர் அட்டை. முதல் அட்டையும் கடைசி அட்டையும் கட்டிவிட்டு, நடுவைத் தறி பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் விடமுடியுமா, தம்பி?" என்று கேட்டார் அவர். மகன் தலைகுனிந்து நின்றான். மென்பொருளில் அப்படி விடலாம், ஆனால் கட்டளை சரியாயிருக்க வேண்டும் என்று அவனுக்காக வாதாட நமக்குத் தோன்றிற்று, வாதாடவில்லை.

கட்டளையை நீக்கி, குறிகளிரண்டையும் நேர்கோட்டில் ஓடவிட்டான். சுவர்க் கடிகாரத்தின்கீழ் வீட்டார் அனைவரும் அமர்ந்து ஐந்து நிமிடமும் ஒப்புநோக்கினோம். நிமிடந்தோறும் "சரி" என்றவர் நெசவாளரே.

ஏப்ரல் 11, பாஸ்கா திருவிழிப்பு இரவு. அன்னையார் பத்தையும் முடித்தார், தந்தையாருக்கான மூன்றையும் நிதானமாய் முடித்தார். திரையில் 00:40. சிலுவை அடையாளம் வரையக் கையெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"நாற்பது நொடி இருக்கே. பின்கட்டுத் தறிக்கும் ஒண்ணு சொல்றேன்."