வெறும் லிங்க் கேள்வி ஆகுமா?

போன மாசம் ஒரு நாள், ஷார்ஜாவில் ராத்திரி சாப்பிட உட்காரும் நேரம். இஞ்சிவிளை சித்தப்பாவிடமிருந்து வாட்ஸப். ஒரே ஒரு லிங்க், கீழே "மக்களே, இது கொள்ளாமா?" அவ்வளவுதான்.

தட்டினேன். வீடியோவை எடுத்துவிட்டார்களாம். "திறக்கல்ல சித்தப்பா" என்று அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாளும் அதே லிங்க், அதே பதில். பேங்கில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு "நீங்க என்ன கேக்கிய?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நாலாம் நாள் போன் பண்ணினேன். அப்போதுதான் விஷயமே தெரிந்தது. தோட்டம் விற்ற பணம் கையில் இருக்கிறது. லட்சத்துக்கு மாசம் மூவாயிரம் தருகிறோம் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். முந்தின நாள்தான் ஐம்பதாயிரம் கட்டியிருக்கிறார்.

"நீ வேண்டாம்னு சொல்லல்லியே மக்களே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அந்த ஐம்பதாயிரம் இன்னும் திரும்பவில்லை.

யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் பழசு. பத்திரத்தை பாறசாலைப் பக்கம் ஆதாரம் என்போம். அதற்கு முந்தியது முன்னாதாரம். பேங்கில் அதற்குப் பெயரே லிங்க் டாக்குமெண்ட் :-) 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எங்கள் தாத்தாவின் பாகப் பத்திரம் கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆபீஸில் மாட்டிக்கொண்டது. ஆனாலும் நிலம் தொலையவில்லை. ஏன்? கையிலிருந்த ஆதாரத்திலேயே நாலு எல்லையும் அளவும் எழுதியிருந்தது. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்: சொத்து எது என்று அடையாளம் தெரியும்படி விவரம் இல்லாத பத்திரத்தைப் பதியக் கூடாது. முன்னாதாரம் துணைக்குத்தான். விஷயம் கையில் இருக்கும் தாளில் இருக்க வேண்டும்.

கேள்வியும் அப்படித்தான். லிங்க் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. லிங்க் திறந்தாலும், அரை மணி நேர வீடியோவில் சித்தப்பாவின் சந்தேகம் எந்த இடத்தில் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பணம் எவ்வளவு, யாரிடம், என்ன சொன்னார்கள், எப்போது கட்ட வேண்டும், இந்த நாலையும் சொந்த வார்த்தையில் எழுதட்டும். எழுத வராவிட்டால் வாய்ஸ் மெசேஜ் போதும். லிங்க் கடைசியில் வரட்டும். டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பார்க்கலாம். ஆனால் பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? நம் பங்கும் உண்டு. திறக்கவில்லை என்பது பதில் இல்லை. திருப்பிக் கேளுங்கள்.

நேற்று சித்தப்பாவிடமிருந்து மெசேஜ். லிங்க் இல்லை. "கையில மீதி எட்டு லட்சம் இருக்கு. ஒரே பேங்கில போடட்டா, ரெண்டாப் பிரிக்கட்டா?"

இரண்டு நிமிஷத்தில் பதில் போட்டேன். 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு பேங்கில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் இன்சூரன்ஸ். ரெண்டாப் பிரிச்சே போடுங்க சித்தப்பா.