கடல் கடந்த மடல்: அதே வார்த்தைகளைச் சொல்லி

நார்விச், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மதினியின் கண் சிகிச்சை நலமாக முடிந்ததென்றும், பெரியவனுக்கு இன்னும் நிலையான உத்தியோகம் அமையவில்லையென்றும் எழுதியிருந்தீர்கள். அவற்றையெல்லாம் எழுதி முடித்தபின், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இரவில் விழிப்புத் தட்டினால் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்றும், ஜெபம் பண்ணி எழுந்த மறுநிமிஷமே கவலை திரும்பி வந்துவிடுகிறதே, இது விசுவாசக் குறைவுதானோ என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு கேள்விக்கே இந்த மடல் முழுவதையும் ஒதுக்குகிறேன். ஏனெனில் நான் குடியிருக்கும் இந்த ஊரில், அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே, ஏறத்தாழ இதே கேள்வியைத் தியானித்துத் தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த அம்மையார் ஒருவர் இருந்தார்.

நார்விச், இங்கிலாந்தின் கீழ்த்திசையிலுள்ள நார்ஃபோக் சீமையின் தலைநகரம். கம்பளி நெசவினால் செழித்து, அக்காலத்தில் இத்தேசத்தின் பெருநகரங்களில் ஒன்றாக விளங்கியது. சுமார் 1342-இல் பிறந்த அந்த அம்மையாருக்கு ஆறேழு வயது நடக்கும்போது, ஐரோப்பா முழுவதையும் சூறையாடிய கொள்ளைநோய் 1349-இல் இவ்வூரிலும் புகுந்து, ஜனங்களைத் திரள்திரளாக வாரிக்கொண்டு போயிற்று. 1361-இலும் 1369-இலும் அது திரும்பி வந்தது. பிரான்சு தேசத்தோடு தலைமுறை தலைமுறையாய் நீடித்த யுத்தம் ஒருபுறம். 1381-இல் வரிக்கொடுமை தாளாமல் கிளர்ந்த குடியானவர்களை, இவ்வூர்ப் பேராயரே ஆயுதம் தரித்துச் சென்று அடக்கிய கொடுமை ஒருபுறம். கவலைப்படுவதற்குக் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லாத காலம் அது.

இத்தகைய காலத்தில், 1373-ஆம் ஆண்டு மே மாதத்தில், முப்பதரை வயதான அந்த அம்மையார், இனிப் பிழைப்பதற்கில்லை என்று கருதப்பட்ட நிலையில் படுத்திருக்க, குருவானவர் வந்து சிலுவையை அவர் கண்ணெதிரே பிடித்தார். அதை நோக்கியபடியே அவர் 16 தரிசனங்களைக் கண்டார், பிழைத்தும் எழுந்தார். பிற்பாடு புனித ஜூலியன் கோயிற் சுவரை ஒட்டிய சிற்றறை ஒன்றில் புகுந்து, சாகும்வரை வெளியே வருவதில்லை என்ற விரதத்தோடு வாசம்பண்ணினார். அக்கோயிலின் பெயரோடு சேர்ந்தே, நார்விச் ஜூலியன் என்று அவர் இன்றும் அறியப்படுகிறார். அத்தகைய அறைகளில் ஒரு சாளரம் ஆலயத்தின் உட்புறம் நோக்கியும், மற்றொன்று வெளியுலகை நோக்கியும் இருப்பது வழக்கம். முன்னதன் வழியாக அவர் திருவிருந்தைக் கண்டார், பின்னதன் வழியாக ஊரார் தங்கள் சஞ்சலங்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். லின் பட்டணத்து மார்ஜரி கெம்ப் என்னும் பெண்மணி, தமக்குண்டான ஆவிக்குரிய அநுபவங்கள் மெய்தானோ மயக்கமோ என்று கலங்கி, சுமார் 1413-இல் இங்கே வந்து, பல நாள் உரையாடித் தெளிவு பெற்றுப் போனதாகத் தம் நூலில் பதிந்திருக்கிறார்.

ஜூலியன் தாம் கண்டவற்றை முதலில் சுருக்கமாக எழுதினார். அதோடு திருப்தியடையாமல், ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவற்றையே தியானித்து, விரிவாக மறுபடியும் எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பெண்மணி எழுதியதாக நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழமையானது அதுவே. ஒரு வாரத்துக்குள் வந்துபோன வியாதியில், ஒரே இரவும் பகலுமாய்க் கண்ட காட்சிகளுக்கு இருபது ஆண்டுத் தியானம் எதற்கு என்று நான் முதலில் வியந்ததுண்டு. நூலைப் படிக்கப் படிக்க விளங்கிற்று: தேவன் தமக்கு அருளிய ஆறுதலை அவர் முழுமனதோடு நம்பினார், ஆயினும் கண்ணெதிரே கிடந்த பாவமும் துன்பமும் அதனோடு பொருந்தாமல் இருப்பதைக் கண்டு, கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தார். புயலே அடியாது என்று நமக்கு வாக்களிக்கப்படவில்லை, அது நம்மை மேற்கொள்ளாது என்றே வாக்களிக்கப்பட்டது என்ற கருத்தை அவர் வற்புறுத்துகிறார். ஜெபத்தில் யாதொரு சுவையும் தோன்றாமல் உள்ளம் வறண்டு கிடக்கும்போதும், விடாமல் ஜெபிக்கும்படி சொல்கிறார். அவ்வேளையின் ஜெபமும் தேவனுக்கு உகந்ததே என்பது அவருடைய துணிபு.

இனி, இவ்வூர்ப் பேராலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1096-இல் கட்டத் தொடங்கிய அக்கோயிலில், பெரும்பாலான நாட்களில் மாலை ஆராதனையைப் பாடகர் குழு பாடுகிறது. நம் திருநெல்வேலிச் சீமையின் பழைய ஆங்கிலிக்கன் சபைகள் தமிழில் சொல்லிவந்த மாலை ஜெபத்தின் மூலமும் இதுவே ஆதலால், அந்நிய தேசத்தில் இருக்கிறோம் என்ற எண்ணம் அந்த முக்கால் மணி நேரத்துக்கு எனக்கு உண்டாவதில்லை. அந்த ஆராதனையில் வரும், இருளின் ஆபத்துகளினின்று காக்கும்படி வேண்டும் சிறு ஜெபம், பழைய லத்தீன் மூலத்திலிருந்து 1549-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்துக்காக ஆங்கிலத்தில் வடிக்கப்பட்டது. அப்புத்தகத்தை உருவாக்கியவர் பேராயர் தாமஸ் கிரான்மர். பிற்காலத்தில் மரண பயத்தால் தம் விசுவாசத்தையே மறுத்துக் கையெழுத்திட்டு, பின்பு அம்மறுப்பைப் பகிரங்கமாகத் தள்ளி, 1556-இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரிக்கப்பட்டபோது, கையெழுத்திட்ட வலக்கரத்தையே முதலில் நெருப்பில் நீட்டியவர் அவர். அச்சமே அறியாத ஒருவர் இயற்றித் தந்த ஜெபமாயிருந்தால், அச்சப்படுகிற நாம் அதை வாயெடுத்துச் சொல்வதற்கு நாணியிருப்போம்.

அந்த ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாட்களின் காலைக்கும் மாலைக்குமாகப் பங்கிட்டு வைத்திருக்கிறது. நம் மனநிலைக்கு ஏற்றதை நாம் தெரிந்தெடுப்பதற்கு அங்கே இடமில்லை; தேதி எதைத் தருகிறதோ அதையே சொல்ல வேண்டும். மாதத்தின் 8-ஆம் நாள் மாலைக்கு உரியவை 41, 42, 43-ஆம் சங்கீதங்கள். அவற்றுள் பின்னிரண்டையும் சேர்த்து வாசித்தால், தன் தேசத்தின் ஆலயத்துக்குத் தூரமாயிருக்கிற ஒருவன், தன் ஆத்துமாவை எதிரே நிறுத்தி, நீ ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று வினவி, தேவனை நோக்கிக் காத்திரு என்று தானே அதற்குப் புத்தி சொல்வதைக் காணலாம். ஒருதரம் சொன்ன மாத்திரத்தில் அந்த ஆத்துமா கேட்டுவிடவில்லை. இரண்டாந்தரம் சொல்கிறான், மூன்றாந்தரமும் ஏறக்குறைய அதே சொற்களையே சொல்கிறான். புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இது புரியும். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே ஊரிலுள்ள முதியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாய் மனத்தில் எழுகின்றன. அழைத்தவர் சாதாரணமாகப் பேசி வைத்த பிறகும் நெஞ்சின் படபடப்பு அடங்க நெடுநேரமாகிறது. அறிவுக்குத் தெரிந்த சமாதானம் நெஞ்சுக்கு இறங்குவதற்குள், அதே வார்த்தையைப் பலமுறை சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆகையால், அண்ணாச்சி, கவலை திரும்பி வருவது விசுவாசம் குன்றியதற்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றவில்லை. கெத்செமனே தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஆண்டவர் அங்கே மிகவும் வியாகுலப்பட்டு, சீஷர்களைத் தம்மோடு விழித்திருக்கும்படி வேண்டிக்கொண்டார், அவர்களோ உறங்கிப்போனார்கள். மூன்றாந்தரமும் அவர் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் அந்த ஜெபத்துக்குப் பின் அவர் எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு நேராக நடந்தார். ஜெபம் தருகிற ஆறுதலின் அளவு இதுவென்று நான் எண்ணுகிறேன்: அது துன்பத்தை எடுத்துவிடுமென்று உத்தரவாதம் செய்வதில்லை, எழுந்து நடப்பதற்கு வேண்டிய பெலனைத் தருகிறது. அந்தப் பெலன் அன்றைக்கு மாத்திரம் போதுமானது. மறுநாளைக்கு வேண்டியதை மறுநாள் கேட்க வேண்டும். அன்றன்றைய அப்பத்துக்காகத்தானே நம்மை ஜெபிக்கக் கற்பித்திருக்கிறார்!

உறக்கமின்மை நீடிக்குமானால் வைத்தியரிடமும் தவறாமல் சொல்லுங்கள். ஜெபிக்கிறவன் மருந்து உண்ணலாகாது என்று எந்த வேதவாக்கியமும் விதிக்கவில்லை. இரவில் சொந்த வார்த்தைகள் வராதபோது, வராத வார்த்தைகளைத் தேடி வருந்த வேண்டாம். அப்பா நம் சிறுவயதில் குடும்ப ஜெபத்தில் மனனம் பண்ணுவித்த சங்கீதங்கள் தங்களுக்குத் தலைகீழ்ப் பாடமல்லவா? அவற்றில் ஒன்றை மெதுவாகச் சொல்லுங்கள். முடிந்ததும் மறுபடி சொல்லுங்கள். பெரியவனுடைய காரியத்தை நானும் இங்கே தினந்தோறும் ஜெபத்தில் சொல்லி வருகிறேன். அவனுக்கு இதைத் தெரிவியுங்கள், விண்ணப்பங்களை அனுப்புவதில் சோர்ந்துவிட வேண்டாமென்றும் சொல்லுங்கள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி